பாஸ்ராவிலிருந்து கெய்ரோவுக்கு ஆறு மணி நேரம்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரன் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். கறிகாய்க்காரன் தராசைத் தூக்கினால் அவனுடைய சுண்டுவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் என்னை முதுகுக்குப் பின்னால் சி.ஐ.டி. என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், ஏமாளி என்று சொல்லவில்லையே! அப்படிப்பட்ட நான் நாற்பதுகளின் கடைசியில் ஐந்து மாத காலம் என் வீட்டுக்குள்ளேயே ஏமாந்துகொண்டிருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அகத்துக்காரர் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து ஒயர்லெஸ் கற்றுக்கொண்டவர். சண்டை ஓய்ந்ததும் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் ரேடியோ ஆபீசர் வேலை கிடைத்தது. பட்டாளம் கழித்துப் போட்ட ப்ளேன்களை வாங்கிச் சாமானும் ஆளும் ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி அது. பம்பாயிலிருந்து கராச்சி, அங்கிருந்து பாஸ்ரா, பாஸ்ராவிலிருந்து கெய்ரோ. கெய்ரோவில் தங்கிவிட்டு அதே வழியாகத் திரும்பி வருவார். போய் வர ஐந்து நாள் ஆகும். அப்புறம் நாலைந்து நாள் வீட்டில் இருப்பார். மறுபடி கிளம்புவார்.

இதில் எனக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஊருக்குக் கிளம்பினவர்கள் போய்ச் சேருகிற வரைக்கும் வீட்டைப் பெருக்கக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது என்பது எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து வழக்கம். பெருக்கினால் போனவரையே பெருக்கித் தள்ளின மாதிரி. ரயிலில் போகிறவர்களுக்கு இது சரிப்பட்டு வரும். கல்யாணில் இருக்கிற அண்ணா வீட்டுக்குப் போனால் ஒன்றரை மணியில் போய்ச் சேர்ந்தாச்சு, துடைப்பத்தை எடுக்கலாம். கெய்ரோவுக்குப் போகிறவர் எப்போது போய்ச் சேர்ந்தார் என்று எனக்கு யார் வந்து சொல்வார்கள்?

அதனால் இந்த வேலை வந்த புதிதிலேயே அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கணக்குக் கேட்டேன்.

"கராச்சிக்கு நாலு மணி நேரம். அங்க ஒரு மணி நேரம் நிக்கும். கராச்சிலேந்து பாஸ்ராவுக்கு எட்டு. அங்க ஒரு மணி நேரம். பாஸ்ராலேந்து கெய்ரோவுக்கு ஆறு. போறுமா?" என்றார்.

"நம்மாத்துக் கடிகாரத்துக்குச் சொல்லுங்கோ. அந்த ஊர் மணியெல்லாம் எனக்கு வேண்டாம்."

பம்பாயிலேயே அப்போது ரயிலுக்கு ஒரு மணி, ஊருக்கு ஒரு மணி. இரண்டுக்கும் அரை மணிக்கு மேல் வித்தியாசம். இந்த லட்சணத்தில் பாஸ்ரா மணி வேறா? அவர் சிரித்துக்கொண்டே எங்கள் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினால் பாஸ்ராவில் இறங்கும்போது விடியற்காலை ஐந்து. ஆறு மணிக்கு மறுபடி ஏறும். கெய்ரோவில் இறங்கும்போது நடுப்பகல் பன்னிரண்டு. அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன்.

எழுதியதைப் பார்த்ததும் ஒரு வழி தோன்றியது. ப்ளேன் ஆகாசத்தில் இருக்கும்போதுதானே பெருக்கக்கூடாது? பாஸ்ராவில் தரையில் நிற்கிற ஒரு மணி நேரத்தில் பெருக்கினால் என்ன தோஷம்? சாஸ்திரத்தில் ப்ளேனைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நானே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். ஐந்து அடித்ததும் துடைப்பத்தை எடுத்தால் ஆறு அடிப்பதற்குள் கூடம், அடுக்களை, தாழ்வாரம் எல்லாம் பெருக்கி, மெழுகி முடித்துவிடுவேன். ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரைக்கும் ஒரு தும்பு விழுந்தாலும் தொடமாட்டேன். என் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. அவள் பொரியை வாரி இறைத்தால்கூட பொரி அப்படியே கிடக்கும்.

மாடி மாமி இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடியம்மா, உங்காத்துல ப்ளேன் பறக்கறதா, குப்பை பறக்கறதா?" என்று கேலி பண்ணுவாள்.

"ரெண்டும்தான் மாமி. பன்னண்டு அடிச்சா ரெண்டும் எறங்கிடும்" என்பேன்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் அவருடைய போக்கு மாறத் தொடங்கியது. கூப்பிட்டால் பதில் இல்லை. நான் அடுக்களையிலிருந்து எதையாவது கேட்டால் சுவரோடு பேசின மாதிரிதான். நேரே போய் நின்றால் மட்டும் திடுக்கிட்டு, "என்ன?" என்பார். ராத்திரி படுக்கும்போது என் பேச்சு காதில் விழாத மாதிரி ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிடுவார். முன்பெல்லாம் கெய்ரோ கடைத்தெருவைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். இப்போது அதெல்லாம் நின்றுபோயிற்று.

பேரீச்சம்பழம் இன்னொரு விஷயம். பாஸ்ராவிலிருந்து எப்போதும் ஓலைப் பெட்டியில் வாங்கி வருவார். திடீரென்று ஒரு தடவை அது குஜராத்திப் பத்திரிகையில் பொட்டலமாக வந்தது.

"பாஸ்ராவுல குஜராத்தி பேப்பர் படிக்கறாளா?" என்று கேட்டேன்.

"கஸ்டம்ஸ்ல பெட்டியைப் பிரிச்சுட்டான். அவனே பேப்பர்ல கட்டிக் குடுத்தான்" என்றார்.

பதில் என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால் ரொம்பச் சீக்கிரம் வந்தது. உண்மை பேசுகிறவன் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவான் என்பது என் அனுபவம். அன்றிலிருந்து நான் அவருடைய சட்டையை மோந்து பார்க்க ஆரம்பித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தினமும் பார்த்தேன். முன்பெல்லாம் பெட்ரோல் வாடை அடிக்கும். இப்போது ஏதோ ஈயம் உருக்கின வாடையும், கூடவே யாரோ வீட்டு மசாலா வாடையும். எங்கள் வீட்டில் வெங்காயமே அத்தி பூத்தாற்போலத்தான். எந்த வீட்டு மசாலா இது?

இந்த நிலைமையில்தான் மாடி மாமா எகிப்துக்குப் போய்விட்டு வந்தார். அவருக்குப் பஞ்சு மில் ஆபீஸில் வேலை. பஞ்சு பார்ப்பதற்காக முதலாளியோடு கப்பலில் போனவர், திரும்புகிறபோது எங்கள் அகத்துக்காரருடைய கம்பெனி ப்ளேனிலேயே வந்துவிட்டார். கட்டடம் முழுக்க அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டது. நானும் போயிருந்தேன்.

"கெய்ரோவுல காபியைக் குடிச்சுட்டு ஏறினேன். பாஸ்ராவுல எறங்கறச்சே அந்தக் கசப்பு இன்னும் நாக்குல இருக்கு, கேட்டேளா? நாலே மணி நேரம்!" என்றார் மாமா.

எனக்குச் சுரீர் என்றது. "நாலா? ஆறோன்னோ?" என்று கேட்டுவிட்டேன்.

"நாலு! இதோ அச்சடிச்சே குடுத்திருக்கானே" என்று கம்பெனியின் டைம்டேபிளை எடுத்துக் கையில் கொடுத்தார். அதிலும் நாலுதான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ரேடியோ ஆபீசர் பெண்டாட்டிக்கு இது தெரியாதா என்று நினைத்திருப்பார்கள். "எனக்குத் தெரியுமே, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

அலமாரிக் கதவைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கராச்சி, பாஸ்ரா எல்லாமே குறைந்திருந்தது. டைம்டேபிள்படி பார்த்தால், நான் விடியற்காலை ஐந்து மணிக்குத் துடைப்பத்தை எடுக்கிறபோது ப்ளேன் பாஸ்ராவில் நிற்கவே இல்லை. பாஸ்ராவைத் தாண்டி, கெய்ரோவை எட்டுவதற்கு அரை மணி முன்னால், ஆகாசத்தில் இருக்கிறது! அட ஈசுவரா! எத்தனை தடவை அவரை நடு ஆகாசத்தில் வைத்துக்கொண்டு பெருக்கித் தள்ளியிருக்கிறேன்! அப்புறம்தான் கோபம் வந்தது. எனக்கு ஏன் தப்பான கணக்கைச் சொன்னார்? அந்த இரண்டு மணி நேரம் யாருக்கு?

மாமாவும் டைம்டேபிளும் ஒருவேளை தப்பாக இருக்கலாம் என்று அவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு பள்ளிக்கூட அட்லஸ் வாங்கி வந்து, பூத்தொடுக்கிற வாழைநாரைப் பாஸ்ராவில் ஒரு முனையும் கெய்ரோவில் ஒரு முனையுமாக வைத்து அளந்தேன். கீழே போட்டிருந்த மைல் கோட்டில் நாரை வைத்துப் பார்த்தால் ஆயிரம் மைலுக்குக் கொஞ்சம் குறைச்சல். தன்னுடைய ப்ளேன் மணிக்கு நூற்று அறுபது மைல் போகும் என்று அவர் ஒரு தடவை பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருந்தது. வகுத்துப் பார்த்தேன். ஆறு மணி வந்தது. மறுபடி வகுத்தேன். மறுபடியும் ஆறு.

இதென்னடா கூத்து? என் கணக்குப்படி அவர் சொல்வது சரி. அச்சடித்த காகிதப்படி மாமா சொல்வதும் சரி.

அவர் வந்ததும் சாதம் போட்டுக்கொண்டே, முகத்துக்கு நேரே பார்த்து, எதையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டேன். "பாஸ்ராலேந்து கெய்ரோவுக்கு இப்பவும் ஆறு மணி நேரம்தானே?"

"ஆறுதான்."

"ப்ளேனுக்கு எத்தனை எஞ்சின்?"

"ரெண்டு. எதுக்குக் கேக்கறே?"

"சும்மாத்தான். கொழந்தை கேட்டா."

கை அலம்பின ஈரம்கூடக் காயவில்லை, மாடிக்கு ஓடினேன். மாமாவிடம், "நீங்க வந்த ப்ளேனுக்கு எத்தனை எஞ்சின் மாமா?" என்று கேட்டேன்.

"நாலு. பெரிய ப்ளேன்னா! அந்தப் பழைய ரெட்டை எஞ்சினையெல்லாம் தீபாவளிக்கு அப்பறம் வித்துத் தலைமுழுகிட்டாளாம். ஏன், உங்காத்துக்காரர் சொல்லலையா?"

"சொன்னாரே" என்றேன். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இரண்டு மணி நேரம் காணாமல் போனது போக, இப்போது ப்ளேனே காணாமல் போய்விட்டது. இல்லாத ப்ளேனில் ஏறி இந்த மனுஷர் மாதத்துக்கு மூன்று தடவை எங்கே போகிறார்? ஐந்து நாள் எங்கே சாப்பிடுகிறார், எங்கே படுக்கிறார்? அந்த மசாலா வாடையும், கூப்பிட்டால் திரும்பாததும், ராத்திரி ஒருக்களித்துப் படுப்பதும் எல்லாம் இப்போது ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. பம்பாயிலேயே இன்னொரு வீடு வைத்திருக்கிறார். எனக்கு அதில் துளி சந்தேகம் இல்லை.

அன்றைக்கே அண்ணாவுக்கு எழுதிப் போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை வந்து என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போ. காரணம் நேரில் சொல்கிறேன்." தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து அழுதேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். கல்யாணுக்குப் போய்விட்டால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் ரோஷம் அப்படி. அதனால் போவதற்கு முன்னால் அந்த வீட்டை என் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை அவருடைய முறை. பகல் இரண்டு மணிக்கு யூனிபாரம் போட்டுக்கொண்டார். பித்தளைப் பொத்தானெல்லாம் துடைத்துப் பளபளவென்று இருந்தது. குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். "போயிட்டு வரேன்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். முன்பெல்லாம் கம்பெனி வண்டி வாசலுக்கு வரும். தீபாவளியிலிருந்து, வண்டிக்கு வழி மாறிவிட்டது, தெருக்கோடியில் ஏறிக்கொள்கிறேன் என்று ஒரு கதை.

அவர் தலை மறைந்ததும் நேரே போய்த் துடைப்பத்தை எடுத்தேன். ப்ளேனும் இல்லை, பாஸ்ராவும் இல்லை, இனி எனக்கு என்ன வந்தது, பெருக்கித் தள்ளுகிறேன் பார் என்று ஓங்கினேன். கை அசையவில்லை. என்ன சொன்னாலும் அவர் கிளம்பிப் போனவர்தானே. துடைப்பத்தை மூலையில் எறிந்துவிட்டு, குழந்தையை மாடி மாமியிடம் விட்டு, "கோவிலுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக அவர் பின்னால் போனேன்.

தெருக்கோடியில் எந்த வண்டியும் நிற்கவில்லை. அவர் நிற்கவும் இல்லை. பெட்டியை ஆட்டிக்கொண்டு, ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். ரயில் பாலத்தைத் தாண்டி தாராவிப் பக்கம் திரும்பினார். ஒன்பது கஜப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் திரும்பினேன். நடுவில் ஒரு மோட்டார் லாரி அவருக்குப் பின்னாலிருந்து ஹாரனை அலறவிட்டது. தெருவே ஒதுங்கியது, அவர் மட்டும் ஒதுங்கவில்லை. லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி ஹிந்தியில் வைதான். யாரை நினைத்துக்கொண்டு நடக்கிறாரோ என்று எனக்கு வயிறு எரிந்தது.

தோல் பதனிடுகிற நாற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு சந்து. அதற்குள் நுழைந்து ஒரு தகரக் கொட்டகைக்குள் போனார். நான் எதிரே ஒரு சுவரோரம் நின்றேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். கத்தப்போவதில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையும் தைக்கிற மாதிரி, "கெய்ரோ வந்தாச்சா?" என்று ஆரம்பிப்பதாக உத்தேசம்.

உள்ளே போனேன். வீடும் இல்லை, பெண்பிள்ளையும் இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் ரேடியோப் பெட்டிகள். சிலது திறந்து குடல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆணியில் அவருடைய யூனிபாரம் கோட்டு மாட்டியிருந்தது. பனியனோடு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெட்டிக்கு ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தார்.

"கெய்ரோ வந்தாச்சா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"ஏன்னா!" என்றேன், கொஞ்சம் உரக்க. தலைகூட அசையவில்லை. மூன்றாம் தடவை நான் கூப்பிட்டதில் சந்தில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். இவர் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன், இப்பவும் இந்த அலட்சியமா?

உள் அறையிலிருந்து லுங்கி கட்டிய ஒரு பெரியவர் வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து பாய். பட்டறை அவருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. என்னையும், என் மடிசாரையும், அழுத முகத்தையும் பார்த்து அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"எத்தனவாட்டி கூப்ட்டாலும் கேக்காதும்மா" என்றார். "எடது காது சுத்தமாப் போச்சுல்லா. வலதுலயும் பாதிதான் கேக்கும். முன்னால போயி நின்னு பேசுங்க."

"என்ன சொல்றேள்?"

"அஞ்சு மாசம் ஆச்சே. ப்ளேன் சத்தத்துலயே காது செத்துப்போச்சாம். டாக்டர் சோதிச்சுட்டு, இனி பறக்கக் கூடாதுன்னு எழுதிட்டாராம். கம்பெனில அனுப்பிட்டாவ. வேலையில கெட்டிக்காரரு, பெட்டி மேல கைய வச்சே எங்க கோளாறுன்னு சொல்லிடுதாரு. சாப்பாடு நம்ம வீட்லேருந்துதான், எங்க வீட்டம்மா தனியா மரக்கறி ஆக்கி அனுப்புதா." அவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஒங்ககிட்ட சொல்லலியாம்மா?"

அடுக்களையிலிருந்து கூப்பிட்டதும், படுக்கையில் பேசியதும், லாரி அலறியதும் எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. நான் பேசினதில் பாதி அந்த மனுஷருக்குப் போய்ச் சேரவே இல்லை. அதையெல்லாம் குற்றப் பத்திரிகையில் எழுதி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். சி.ஐ.டி.யாம், சி.ஐ.டி.! எரிகிற விளக்கு கண்ணுக்கெதிரே இருக்க, நெருப்புக்கு அலைந்த மூதேவி நான்.

பாய் போய் அவர் தோளைத் தொட்டார். அவர் திரும்பினார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பற்றுவைக்கிற கோல் கீழே விழுந்தது.

"கொழந்தை எங்கே? என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"கொழந்தை மாடில இருக்கா. ஒண்ணும் ஆகலை." வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேரே அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "பாஸ்ராலேந்து கெய்ரோவுக்கு நாலு மணி நேரம்தான்" என்றேன்.

அவர் என் உதட்டையே பார்த்தார். "நாலா?"

"ஆமாம். நாலு எஞ்சின். மாடி மாமா அதுல வந்தார். டைம்டேபிள்ல போட்டிருக்கு."

"நாலு மணி நேரம்!" என்று அவர் எனக்கில்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டார். "பரவாயில்லையே. அந்தப் பாலைவனத்து மேல காத்து எதிர்த்து அடிக்கும், தெரியுமோ? அதையும் மீறி நாலு. நான் அந்த ப்ளேன்ல ஏறினதே இல்லை." பொய் பிடிபட்டுவிட்டது என்ற பயமே அந்த முகத்தில் இல்லை. ஆசைதான் இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலை? நான் என்ன அன்னியமா? ஞாயித்துக்கிழமை அண்ணா வரான், தெரியுமா? என்னையும் கொழந்தையையும் கூட்டிண்டு போக. நீங்க இன்னொருத்தி வெச்சிண்டிருக்கேள்னு நெனச்சு நான்தான் எழுதிப் போட்டேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையில் ஒட்டியிருந்த ஈயத்தைச் சுரண்டினார். பாய் உள்ளே போய்விட்டார்.

"சொல்ல ரெண்டு மூணு தடவை வாயைத் தெறந்தேன்" என்றார். "நீ அதுக்குள்ள சட்டையை மோந்து பார்த்தே. பேரீச்சம்பழத்தைக் கேட்டே. சண்டை போட்டே. எனக்கு அது எவ்வளவோ தேவலையா இருந்தது. நன்னா இருக்கற மனுஷனைத்தானே சந்தேகப்படுவா? காது போனவன்னு தெரிஞ்சா நீ அப்பறம் என்னோட சண்டையே போடமாட்டே. மெதுவாப் பேசுவே. பாவம்னு பார்ப்பே. நீ அப்படி என்னைப் பார்க்கறதை என்னால தாங்க முடியாது."

எனக்கு அவர் தலையை அப்படியே மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் எதற்குப் பயந்து ஐந்து மாதம் தாராவியில் ஒளிந்துகொண்டிருந்தாரோ, அதையே நான் அந்த நிமிஷம் பண்ண இருந்தேன். அவரும் என் முகத்தில் அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தானையால் மூக்கைச் சிந்தினேன். இடுப்பில் இழுத்துச் செருகினேன். ஆரம்பித்தேன்.

"பாவமா? உங்களையா? நன்னா இருக்கே கதை! எழுந்திருங்கோ முதல்ல! காது போனா போயிட்டுப் போறது, புத்தியுமா போகணும்? மாசத்துல பதினஞ்சு நாள் இந்தத் தகரக் கொட்டாய்ல கொசுக்கடில படுத்துண்டு, என்னை அங்க விடியக்காலம் கடிகாரத்தைப் பார்த்துண்டு உக்கார வெச்சேளே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? கெய்ரோவாம், கெய்ரோ! என் தலையில எத்தனை மொளகாய்தான் அரைப்பேள்? அண்ணாவுக்கு நான் எழுத மாட்டேன், நீங்களே எழுதுங்கோ! வரவேண்டாம்னு எழுதாதேங்கோ, வரட்டும், வந்து இந்த அழகைப் பார்க்கட்டும்! இன்னிலேந்து ராத்திரி ஆத்துலதான் படுக்கணும், சொல்லிட்டேன்! நாளைக்கு அந்தப் பாயோட ஆத்துக்காரிக்கு நான் மாவடு கொண்டுவந்து குடுக்கணும், அஞ்சு மாசமா உங்களுக்கு வடிச்சுக் கொட்டியிருக்கா, எனக்கு வெக்கமா இருக்காதா?"

என் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. நான் அப்படிக் கத்தினது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சந்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு பாட்டையா, "ஏளா, என்ன சண்டையாம்?" என்று யாரையோ விசாரித்தார். பாய் கதவோரம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். நான் நிறுத்தவில்லை. கோட்டை ஆணியிலிருந்து எடுத்து உதறி, அவர் பக்கத்தில் போய் நின்று தோளில் போட்டுவிட்டு, பொத்தானைப் பூட்டிக்கொண்டே திட்டினேன். எதைத் திட்டினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. அவர் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் திறந்துபோட்டுவிட்டுப் போனதைக்கூடத் திட்டினேன்.

அவர் குனிந்த தலையோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தீபாவளிக்குப் பிறகு முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"மெதுவாப் பேசேண்டி. எல்லாம் நன்னாக் கேக்கறது" என்றார்.

வீட்டுக்கு வந்து, குழந்தைக்குச் சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அதைச் சொன்னபோது நான் நின்றுகொண்டிருந்தது அவருடைய இடது பக்கம், சுத்தமாகப் போன காதுப் பக்கம். நிஜமாகவே காதில் விழுந்ததா என்று அவரிடம் கேட்கவில்லை நான், அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி.